எக்கோ பெட்டியின் வாசல்

வான்காயோ, 14 ஏப்ரல் 1996

செனோபியா,

நலம் விசாரித்து அரைப் பக்கம் எழுதினால் நீ படிக்க மாட்டாய் என்று தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்த அட்டைப்பெட்டியில் என் எக்கோ பெடல் இருக்கிறது. போன வருடம் ஸ்விட்ச் மாற்றிக் கொடுத்தாயே, அதே பச்சைப் பெட்டிதான். எக்கோ போடாமல் சும்மா காலடியில் கிடந்தாலும் அது கிட்டாரின் சத்தத்தைச் சாப்பிட்டுவிடுகிறது. கிட்டாரை நேராக ஆம்ப்ளிஃபயரில் குத்தினால் ஒவ்வொரு கம்பியும் மினுங்குகிறது. பெடல் நடுவில் வந்துவிட்டால் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது. இது போதாதென்று, சில சமயம் பாட்டு நடுவில் கிட்டார் முழு ஊமையாகிவிடுகிறது. ஒரு நிமிடம் கழித்துத் தானாகவே திரும்பி வருகிறது.

எங்கள் பாட்டுக் குழுவின் முதலாளி தோன் தெயோஃபிலோவைத்தான் உனக்குத் தெரியுமே. வேனும் ஆம்பும் அவருடையவை, அதனால் காதும் அவருடையதுதான். போன ஞாயிறு சில்காவில் ஆட்டம் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அபிலியோ, உன் கிட்டாரு கெணத்துக்குள்ள இருந்து கேக்குது. சாந்தியாகோ திருவிழாக்குள்ள சரி பண்ணிடு. இல்லன்னா ஹவுஹாவுல ஒரு கீபோர்டுக்காரரு சும்மாதான் உக்காந்திருக்காரு."

ஷுல்காஸ் குழுவில் பதினோரு வருடமாக முன் கிட்டார் வாசிக்கிறேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் சிரித்தால்தான் எனக்குப் பயம். திருவிழாவுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

உன் அக்காவிடம், லீமாவில் ஒரு மெக்கானிக்குக்கு அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அது பொய் இல்லையே. பெடலுக்கு அடியில் உனக்காகக் கொஞ்சம் பாலாடைக்கட்டி வைத்திருக்கிறேன்.

உன் அத்தான்
அபிலியோ

*

லீமா, பரூரோ தெரு, 23 ஏப்ரல்

அத்தான்,

பெட்டி வந்து சேர்ந்தது. பாலாடைக்கட்டியும் சேர்ந்தது, ஆனால் தனித்தனியாக இல்லை. மலையிலிருந்து பஸ் இறங்கி வரும் பத்து மணி நேரமும் அது உங்கள் பெடலுக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டே வந்திருக்கிறது. முதல் நாள் முழுக்க நான் மெக்கானிக்காக இருக்கவில்லை, பாத்திரம் கழுவினேன். பக்கத்துக் கடை ரேடியோக்காரர் மோந்து பார்த்துவிட்டு, "இது ரிப்பேரா, சாண்ட்விச்சா?" என்றார்.

தப்பு பெட்டியின் வாசலில் இருக்கிறது. உங்கள் காலடி ஸ்விட்ச் வெளியே போகிற கம்பியைத்தான் வெட்டுகிறது. உள்ளே வருகிற கம்பியை அது தொடுவதே இல்லை. எக்கோவை அணைத்த பிறகும் பெட்டி கிட்டாரைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தம், கிட்டாரின் பிக்கப், பலமில்லாத ஆசாமி, அதனிடம் அதிகம் பிடுங்கினால் முதலில் மினுக்கத்தைத்தான் பறிகொடுக்கும். வாசலில் நாற்பத்தேழாயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்கிவிட்டுப் பத்து லட்சம் ஓம் வைத்தேன். அதன் பின்னால் ஒரு சின்ன டிரான்சிஸ்டர். அது கிட்டாரிடம் எதையும் கேட்காது, மேற்கொண்டு தள்ளுகிற வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். ஸ்விட்சையும் மாற்றிவிட்டேன். இனி அணைத்தால் உள்ளே, வெளியே இரண்டுமே அறுந்துவிடும்.

ஊமையாவதற்கு மட்டும் காரணம் தெரியவில்லை. எல்லா ஈயப் புள்ளியையும் உருக்கி மறுபடி வைத்தேன். பெட்டியை மேசையில் தட்டினேன், குலுக்கினேன், திட்டினேன். ஒரு முறைகூட ஊமையாகவில்லை.

அக்காவைப் பற்றி நான் கேட்கவில்லை. நீங்களும் எழுத வேண்டாம்.

செனோபியா

*

வான்காயோ, 8 மே

செனோபியா,

பெட்டி வந்த அன்றே சமையலறையில் இரவல் ஆம்பை வைத்து வாசித்துப் பார்த்தேன். சொன்னால் சிரிப்பாய், கண் கலங்கிவிட்டது. பதினோரு வருடத்தில் என் கிட்டார் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சான் ஹெரோனிமோவில் ஆட்டம். முதல் பாட்டிலேயே பழைய கதை. அதே போர்வை, அதே கிணறு. மூன்று முறை ஊமையாகிவிட்டது. மூன்றாவது முறை நான் தனியாக வாசிக்கிற இடம். கை ஓடுகிறது, சத்தம் இல்லை. முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "என்னய்யா, காத்துலயா வாசிக்கிற?" என்று கேட்டார். தோன் தெயோஃபிலோ என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பித் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டில் தேன், மேடையில் தண்ணீர். நீ வைத்த டிரான்சிஸ்டர் லீமாவில் வாங்கியது, கடலோரத்துச் சரக்கு. இங்கே மூவாயிரத்து இருநூறு மீட்டர் உயரம். ஒருவேளை அதற்கு மூச்சு வாங்குகிறதோ?

பெட்டியை மறுபடி அனுப்புகிறேன். இந்த முறை பாலாடைக்கட்டி இல்லை.

அபிலியோ

*

லீமா, 17 மே

அத்தான்,

டிரான்சிஸ்டருக்கு நுரையீரல் கிடையாது. இதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கிறேன். அடுத்த முறை சந்தேகம் வந்தால் திறந்து படித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினேன். வாடிக்கையாளர்களின் மூன்று ரேடியோக்கள் அப்படியே கிடக்கின்றன. கிட்டார் கடைக்காரரிடம் இரவல் வாங்கிய கிட்டாரை மாட்டி, தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வாசித்துப் பார்த்தேன். எனக்கு இரண்டே இரண்டு ஸ்வரம்தான் தெரியும். அந்த இரண்டும் கண்ணாடி மாதிரி வந்தன. பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

வீட்டில் சரியாக இருந்து மேடையில் கெட்டுப்போகிறது என்றால் கெடுக்கிற பொருள் மேடையில் இருக்கிறது. யோசித்துப் பதில் எழுதுங்கள். மேடையில் எத்தனை மீட்டர் கேபிள்? பாட்டரியா, மின்சாரமா? எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த வாசலில் கிட்டாரைத் தவிர வேறு எதையாவது குத்துகிறீர்களா? கதை வேண்டாம், உங்கள் ஊர்க் குளிரைப் பற்றியும் வேண்டாம். மூன்று கேள்விக்கும் மூன்று பதில் போதும்.

செனோபியா

*

வான்காயோ, 2 ஜூன்

செனோபியா,

கேபிள் ஆறு மீட்டர். சந்தேகத்துக்கு நேற்று புதிதாக ஒன்று வாங்கினேன், ஒரு வித்தியாசமும் இல்லை. பாட்டரியும் புதியதுதான். நாக்கில் வைத்துப் பார்த்தேன், சுரீரென்றது. வாசலில் கிட்டார்தான், வேறென்ன குத்தப் போகிறேன்.

விஷயம் முற்றிக்கொண்டிருக்கிறது. வியாழக்கிழமை ஒத்திகைக்கு ஹவுஹாக்காரர் வந்திருந்தார். வேடிக்கை பார்க்க வந்தாராம். வேடிக்கை பார்க்க வருகிறவர் கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டா வருவார்? அதில் ஒரு பொத்தானை அமுக்கினால் கிட்டார் மாதிரியே சத்தம் வருகிறது. தகர டப்பாவுக்குள் அடைத்த கிட்டார். ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிறது, அதுதான் கொடுமை. தோன் தெயோஃபிலோ தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

எனக்கு நாற்பத்து நான்கு வயது, செனோபியா. உருளைக்கிழங்கு மூட்டை தூக்க முதுகு இடம் கொடுக்காது. வேறு குழுவுக்குப் போனால், ஷுல்காஸ் துரத்திவிட்ட ஆள் என்பார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் அந்தப் பேச்சு கால்நடையாகவே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிடும். எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

அந்த வாசலை இன்னும் கொஞ்சம் பெரிதாக்க முடியாதா? பத்து லட்சத்துக்குப் பதிலாக இருபது லட்சம்? இரண்டு டிரான்சிஸ்டர்? மூன்றாவது முறையாக அனுப்புகிறேன். கோபப்படாதே.

அபிலியோ

*

லீமா, 13 ஜூன்

அத்தான்,

கோபப்படாதே என்று எழுதிவிட்டுத்தான் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறீர்கள்.

இந்த முறை உள்ளே இருக்கிற மின்சுற்றை நான் திறக்கவே இல்லை. கேபிள் குத்துகிற வாசல் ஜாக்கை மட்டும் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். ஏப்ரலில் நான் நேராக்கி முடுக்கிய ஜாக் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கிட்டார் கேபிள் ஒன்று மட்டும் தொங்கினால் இப்படிச் சாயாது. கனமான ஒன்று அதில் தொங்கியிருக்கிறது. பூண் ஓரத்தில் சதுரமாக ஒரு தேய்மானம். எதிர்க் கடையில் விற்கிற கவட்டைப் பின்னை வாங்கி வந்து வைத்துப் பார்த்தேன், அச்சாகப் பொருந்துகிறது. ஒரு மூக்கு, இரண்டு காது. ஒரு காதில் உங்கள் கிட்டார். மற்றதில்?

ஊமையாவதும் இப்போது புரிந்துவிட்டது. ஸ்விட்ச் வைத்த மலிவான மைக்குகள் உண்டு. அணைத்தால் அவை கம்பியை அறுப்பதில்லை, இரண்டு கம்பியையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிற எதுவானாலும் அந்த நொடியே செத்துப்போகும். மைக் திறந்திருந்தாலும் மோசம்தான். கிட்டார் கொடுப்பதையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும். ஒரே மடியில் இரண்டு கன்றை விட்டுவிட்டு, மாடு கறக்கவில்லை என்று இரண்டு மாதமாக எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். வாசலில் நான் இருபது லட்சமல்ல, இருபது கோடி வைத்தாலும் பயன் இல்லை.

ஷுல்காஸ் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார் என்று எனக்குத் தெரியாதா?

பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன். ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. ரிப்பேர் உங்கள் வீட்டில் இருக்கிறது, என் கடையில் இல்லை.

செனோபியா

*

வான்காயோ, 24 ஜூன்

செனோபியா,

ஆமாம். உன் அக்கா எர்லிந்தாவின் மைக்தான்.

உன்னிடம் அவள் பெயரை எப்படி எழுதுவது? எங்கள் மூத்த மகளின் முதல் முடி வெட்டும் விழாவில் நீ என்ன சொன்னாய் என்று நினைத்துப் பார். ஞானத்தகப்பன், ஞானத்தாய், என் அண்ணன்மார் எல்லோரும் கையில் கத்தரிக்கோலோடு நிற்கிறார்கள். அத்தனை பேர் முன்னாலும், "கண்டவன் பேரையெல்லாம் மைக்குல கத்துறது ஒரு பொழப்பாக்கா?" என்றாய். இரண்டு வருடமாக அவள் உன் பெயரைச் சொல்வதில்லை. உன் பெயர் ரேடியோவில் வந்தாலும் அணைத்துவிடுவாள். இதில் நான் போய், உன் மைக்கால் என் கிட்டார் சாகிறது, கண்டுபிடித்தது உன் தங்கை என்று சொல்லவா?

அந்தக் கவட்டைப் பின் அவளுடைய யோசனைதான். பிப்ரவரியில் ஆரம்பித்தாள். ஆட்டத்துக்கு வருகிற குடும்பங்கள் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு நீட்டுவார்கள். பாட்டுக்கு நடுவே அவள் வாழ்த்துச் சொல்ல வேண்டும். இங்கே பாட்டைவிட அதற்குத்தான் கூட்டம். பெயர் எக்கோவில் மூன்று தடவை மைதானத்தைச் சுற்றினால் அந்தக் குடும்பம் நிமிர்ந்து நிற்கும், மறுபடி ஒரு பெட்டி பீர் திறக்கும். ஒரு தடவை மட்டும் சொன்னால், "அவுங்களுக்கு மூணு, எங்களுக்கு ஒண்ணா?" என்று சண்டைக்கு வருவார்கள். குழுவில் இருப்பது ஒரே எக்கோ, அது என் காலடியில் இருக்கிறது. மைக்கை அணைக்காதே என்று அவளிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். ஏன் என்று சொல்லவில்லை. பழக்கத்தில் அணைத்துவிடுகிறாள்.

இரண்டு வாசல் வைத்துக் கொடு. கிட்டாருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அபிலியோ

*

லீமா, 2 ஜூலை

அத்தான்,

இரண்டாவது வாசல் வைக்கலாம். நாலு பாகம், ஒரு மணி நேர வேலை. வைக்க மாட்டேன்.

கிட்டாருக்கு எக்கோ குறுகலாக, வேகமாக வேண்டும். பெயர் கூப்பிடுவதற்கு நீளமாக, நிதானமாக வேண்டும். ஒரு பெட்டிக்கு ஒரு வேகம்தான். நீங்கள் உங்களுக்காகத் திருகுவீர்கள், அக்காவின் வாயில் பெயர் மேல் பெயர் விழுந்து கஞ்சியாகும். அவள் தனக்காகத் திருகச் சொல்வாள், உங்கள் பாட்டு தள்ளாடும். அப்புறம் ஆகஸ்டில் எனக்கு ஒரு அட்டைப்பெட்டி வரும், செப்டம்பரில் இன்னொன்று வரும்.

ஆயிரம் பேர் முன்னால் கை நடுங்காமல் வாசிக்கிற மனிதர், பெண்டாட்டியிடம் ஒரு பின்னைப் பிடுங்கச் சொல்வதற்குப் பயந்து ஒரு பெடலை மூன்று தடவை மலை ஏற்றி இறக்கியிருக்கிறார். இதற்கு எந்தக் கடையிலும் ரெசிஸ்டர் கிடையாது. திருவிழாவுக்கு இருபத்து மூன்று நாள் இருக்கிறது. வாயைத் திறந்து சொல்லுங்கள்.

செனோபியா

*

வான்காயோ, 29 ஜூலை

செனோபியா,

சொல்லிவிட்டேன். திருவிழாவன்று காலையில், வேன் வாசலில் வந்து நின்ற பிறகுதான் சொன்னேன். அதற்கு முந்தைய இருபத்திரண்டு நாளையும் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதே.

எல்லாவற்றையும் சொன்னேன், உன்னையும் சேர்த்து. அவள் அவித்த சோளத்தைத் தின்றுகொண்டிருந்தாள். மெல்லுவதை நிறுத்தவில்லை.

"இத்தன நாளா சத்தம் செத்துப்போனது என் மைக்காலயா?"

"ஆமா."

"உங்க வேலை போவப் போவுதுன்னு தெரிஞ்சும் சொல்லல?"

"நீ வருத்தப்படுவேன்னு..."

"நான் வருத்தப்பட்டா ஒரு நாளு படுவேன். இத சொல்றதுக்கு அஞ்சு மாசமாய்யா உங்களுக்கு?"

அவ்வளவுதான். எழுந்து போய்ப் பையிலிருந்து கவட்டைப் பின்னை எடுத்து வேன் சக்கரத்துக்கு முன்னால் போட்டாள். டிரைவர் கிளப்பினார். நீ கடையில் வைத்துப் பார்த்ததோடு பொருந்துகிறதா என்று இனிமேல் பார்க்க முடியாது.

மேடையில் மைக் நேராக ஸ்பீக்கருக்குப் போனது. வாசலில் என் கிட்டார் மட்டும். முதல் கம்பியைத் தட்டினேன், சுப்பாக்கா ஊர் மைதானத்தின் அந்தக் கோடியில் பன்றி வறுத்துக்கொண்டிருந்தவர் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். தோன் தெயோஃபிலோ தன் பேஸ் கிட்டாரை வாசிப்பதை ஒரு நொடி விட்டுவிட்டார். ஹவுஹாக்காரர் கீபோர்டை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. சாயங்காலம் கிளம்பும்போது என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார், நல்ல மனிதர். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

முதல் சீட்டு வந்தது. லாஸ்மேனோ குடும்பம், முப்பது பேர், எல்லோருக்கும் ஒரே நிறச் சால்வை. எக்கோ இல்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் மைக்கை வாயருகே வைத்து, "லாஸ்மேனோ குடும்பத்துக்கு வாழ்த்து" என்றாள். மைக்கை அரை முழம் தள்ளி, "லாஸ்மேனோ குடும்பத்துக்கு" என்றாள். இன்னும் தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "லாஸ்மேனோ" என்றாள், கேட்டும் கேட்காமலும். வாயாலேயே எக்கோ. கூட்டம் முதலில் சிரித்தது. அப்புறம் கை தட்டியது. அப்புறம் சீட்டுகள் மழையாக வந்து விழுந்தன. பெட்டியில் வருகிற எக்கோவுக்குக்கூட இத்தனை கைதட்டல் கிடைத்ததில்லை.

ஐந்து மணி நேரம், செனோபியா. நூற்றுக்கு மேல் பெயர், ஒவ்வொன்றும் மூன்று தடவை. ஒருவருக்கும் குறைத்துச் சொல்லவில்லை. பக்கத்தில் என் கிட்டார் மினுங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவள் குரல் கிழிந்துபோனது. நான்கு நாளாகச் சைகையில்தான் பேசுகிறாள். யூகலிப்டஸ் கஷாயம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வேலை பிழைத்துவிட்டது, ஆனால் எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் குரல் இல்லை.

அபிலியோ

*

லீமா, 9 ஆகஸ்ட்

அத்தான்,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். ரேடியோக்காரர், ஏன் அழுகிறாய் என்று கேட்டார். ஈயப் புகை என்றேன்.

விழாவில் நான் சொன்னது அநியாயம். பொறாமையில் சொன்னது. நான் நாளெல்லாம் குனிந்து ஈயம் வைக்கிறேன், ஒரு மனுஷிக்கும் என் பெயர் தெரியாது. அவள் நிமிர்ந்து நின்றால் ஊரே கேட்கிறது. இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களைப் பயந்தவர் என்று திட்டிய வாய்தான்.

இன்று பஸ்ஸில் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். உங்கள் பெயரில் அல்ல, எர்லிந்தா பாவுக்கார் பெயரில். அடையாள அட்டை காட்டிக் கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பார்கள், அதனால் நீங்கள் போய் வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. உடைந்த இரண்டு பெட்டியிலிருந்து ஒரு எக்கோ செய்திருக்கிறேன். நீளமான எக்கோ, பெயர் சொல்வதற்கு. வாசல் ஒன்றே ஒன்றுதான், அதில் மைக் மட்டும்தான் போகும். அனுப்பியவர் பெயரைச் சீட்டில் தெளிவாக எழுதியிருக்கிறேன். பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் பதினைந்து நாளில் பெட்டி என்னிடமே திரும்பி வந்துவிடும். அவளை ஒன்றும் வற்புறுத்தாதீர்கள்.

செனோபியா

*

வான்காயோ, 21 ஆகஸ்ட்

செனோபியா,

பஸ் ஆபீசிலிருந்து தகவல் வந்தும் எர்லிந்தா ஆறு நாள் போய் வாங்கவில்லை. நீ சொன்னபடி நான் வற்புறுத்தவில்லை. நேற்று காலையில் தானாகக் கிளம்பினாள், நானும் பின்னாலேயே போனேன். சீட்டில் உன் பெயரைப் பார்த்தாள். வரிசையில் நின்ற ஒருவர் இருமுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையெழுத்துப் போட்டாள். அங்கேயே கட்டைப் பிரித்துப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, அட்டைப்பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள். கடிதம் ஏதாவது விழுகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் விழவில்லை.

ஒரு வரி எழுதி வைத்திருக்கக் கூடாதா நீ?

வீட்டுக்கு வந்து மைக்கை மாட்டிப் பேசினாள். எனக்கு நன்றாகத்தான் கேட்டது. அவள் முகம் சுளித்தாள். பாதிக் குரல்தான் திரும்பியிருக்கிறது, அந்தப் பாதியே போதுமாக இருந்தது: "'ச' வர்ற எடமெல்லாம் பாம்பு சீறுது. சான்ச்செஸ் குடும்பத்த நான் எப்புடிக் கூப்புடுறது?"

நான் உடனே உனக்கு எழுதுகிறேன் என்று காகிதத்தை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டாள்.

"நீங்க எழுதுனா அடுத்த சாந்தியாகோ வந்துரும். அவளுக்கு நான் நேர்ல பேசிக் காட்டுனாத்தான் வெளங்கும். நானே போறேன்."

திங்கட்கிழமை விடிகாலை பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்துவிட்டாள். பெட்டியை யாரிடமும் கொடுக்க மாட்டாளாம், மடியிலேயே வைத்துக்கொண்டு வருவாளாம். இந்தக் கடிதம் அவளுக்கு ஒரு நாள் முன்னால் வந்து சேர வேண்டும் என்று டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். கோபமாகத்தான் வருகிறாள். மதியம் ஒரு மணிக்குள் பரூரோ தெருவில் இருப்பாள். அந்த நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடாதே.

அபிலியோ